ஆயில் போல்ட்டும் உப்புக் காற்றும்: வாசகர் கேள்வி – பதில்

ஸ்போர்ட்ஸ் கார்களில் ஆயிலை வீட்டிலேயே மாற்றுவது பற்றி ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

என்னிடம் பிஎம்டபிள்யூ இசட்4 35ஐ இருக்கிறது. நான் வளைகுடாவில் வேலை பார்க்கிறேன். வருடத்தில் இரண்டு தடவை ஊருக்கு வருவேன். மொத்தமாகப் பார்த்தால் 1,500 கிலோமீட்டர்கூட ஓடாது. லீவில் வந்ததும் சர்வீஸுக்கு மதுரை போய்வருவதிலேயே இரண்டு நாள் தீர்ந்துவிடுகிறது. ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா? நான் இல்லாத நாட்களில் வாரம் ஒரு தடவை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அது போதுமா?
*(வாசகர், கீழக்கரை)*

முதலில் அந்த ஐந்து நிமிட வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். வண்டிக்கு நல்லது என்று நினைத்துச் செய்யும் கெடுதல் அது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும். எரியாத பெட்ரோலும் கூடவே இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறி அரை மணி நேரம் ஓடினால்தான் இவை ஆவியாகி வெளியேறும். ஐந்து நிமிடத்தில் கூலன்ட்டே முழுதாகச் சூடாகாது, ஆயில் அதற்கும் பின்னால்தான். ஓட்டினால் ராமநாதபுரம் வரை போய்த் திரும்பும் அளவுக்கு ஓட்டச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பேட்டரிக்கு, சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் ஒரு மெயின்டெயினரை மாட்டிவிட்டு வண்டியைத் தொடாமல் விடச் சொல்லுங்கள்.

இரண்டாவது விஷயம், ஆயிலை எப்போது மாற்றுவது. பலரும் லீவில் வந்ததும் மாற்றுகிறார்கள். கிளம்புவதற்கு முன் மாற்றுவதே சரி. ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். மாதக்கணக்கில் அது பேரிங் மீதே உட்கார்ந்திருக்க வேண்டாம். புது ஆயிலை ஊற்றி, ஒரு இருபது கிலோமீட்டர் ஓட்டி, அது எல்லா இடத்துக்கும் போன பிறகு நிறுத்திவிட்டுப் போங்கள். கிலோமீட்டர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். உங்கள் வண்டியில் இருப்பது என்54 எஞ்சின். ஃபில்டரோடு சேர்த்து 6.5 லிட்டர் ஆயில் பிடிக்கும். டப்பாவின் பின்பக்கத்தில் ‘பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-01’ என்ற ஒப்புதல் அச்சாகியிருக்க வேண்டும். 5டபிள்யூ-30, 0டபிள்யூ-40 இரண்டிலும் அந்த ஒப்புதல் பெற்றவை கிடைக்கின்றன. ஃபில்டர் காகித கார்ட்ரிட்ஜ் வகை. மான் கம்பெனியில் எச்யூ 816 எக்ஸ் என்று கேளுங்கள். பெட்டிக்குள் ஓ-ரிங்கும், அடியில் ஆயிலை வடிக்கத் திறக்கும் டிரெயின் போல்ட்டுக்கான வாஷரும் இருக்கும், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். கருவி என்று பார்த்தால் ஃபில்டர் மூடிக்கு 86 மில்லிமீட்டர் கப் ரெஞ்ச், டிரெயின் போல்ட்டுக்கு 17 நம்பர் சாக்கெட், எஞ்சினுக்கு அடியில் மூடியிருக்கும் அடித்தட்டுக்கு 8 நம்பர், இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஒரு டார்க் ரெஞ்ச். வீட்டில் இருக்கும் ஐந்து லிட்டர் பேசின் போதாது, பத்து லிட்டர் பிடிக்கும் அகலமான தொட்டி வேண்டும். அதை வேலை பாதியில் கண்டுபிடிப்பவர்கள்தான் அதிகம்.

வண்டி தாழ்வு. சாதாரண ஜாக்கி உள்ளே நுழையாது. முன்சக்கரங்களை ஒன்றரை அங்குலப் பலகை மீது ஏற்றி நிறுத்திவிட்டு, பிறகு ஜாக்கியைத் தள்ளுங்கள். தூக்கும் இடம், பக்கவாட்டில் அடியில் இருக்கும் நான்கு ரப்பர்க் கட்டைகள் மட்டும். நான்கு பக்கமும் ஸ்டாண்டில் சமமாக நிற்க வேண்டும். மூக்கை மட்டும் தூக்கினால் பழைய ஆயிலில் கொஞ்சம் ஒரு பக்கம் ஒதுங்கி உள்ளேயே தங்கிவிடும். உங்கள் ஊர் வீட்டு முற்றங்களில் சிமென்ட்டுக்கு அடியில் வெறும் மணல்தான். வெடித்த தளமாக இருந்தால் ஸ்டாண்டின் கால் இறங்கும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் முக்கால் அங்குல பிளைவுட் துண்டு ஒன்று போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட அடியில் தலையை விடாதீர்கள்.

எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆயில் கையில் பட்டால் சுடாமல், ஆனால் தண்ணீர் போல் ஓட வேண்டும். முதலில் மேலே ஃபில்டர் மூடியைக் கழற்றுங்கள். கூட்டுக்குள் நிற்கும் ஆயில் தானாகக் கீழே இறங்கும். அப்போதே டார்ச் அடித்து ஃபில்டர் கூடு எஞ்சினோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அந்த கேஸ்கட் காய்ந்து கசிவது என்54-இல் எல்லோருக்கும் தெரிந்த வியாதி. கசியும் ஆயில் நேராக பெல்ட் மீது விழும். பெல்ட் நழுவிக் கிழிந்து, அதன் நார் முன்பக்க கிராங்க் சீல் வழியாக எஞ்சினுக்குள்ளேயே போன வண்டிகள் உண்டு. அங்கே ஈரப்பசையோடு அழுக்கு அப்பியிருந்தால், ஆயில் மாற்றுவதோடு அந்த கேஸ்கட்டையும் கணக்கில் வையுங்கள்.

பிறகு கீழே. போல்ட்டைக் கடைசி இரண்டு மரை வரை சாக்கெட்டால் திருகி, அதன்பின் கையால் உள்நோக்கி அழுத்தியபடியே சுற்றிச் சட்டென்று விலக்குங்கள். முதலில் ஆயில் ஒரு முழம் தள்ளித்தான் விழும், தொட்டியை அதற்கேற்ப வையுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது திறந்த வெளியில் இந்த வேலை வேண்டாம். ஓட்டம் மெலிந்து நூலாகும் நேரத்தில் காற்று அதைப் பிடித்து அடித்தட்டு முழுக்கத் தெளிக்கும். அதைவிட மோசம், மேலே ஃபில்டர் கூடும் ஆயில் வாயும் திறந்திருக்க, மணல் பறக்கும். ஒரு சிட்டிகை மணல் போதும், பேரிங்கில் கோடு விழ. கார் ஷெட் கதவை மூடிக்கொள்ளுங்கள், அல்லது காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டுங்கள். திறந்த வாய் மீது சுத்தமான துணி கிடக்கட்டும்.

சொட்டு நிற்க இருபது நிமிடம் ஆகும். வெளியே வந்ததைப் பழைய டப்பாக்களில் ஊற்றி அளந்து எழுதிவையுங்கள். ஆறரை ஊற்றிய இடத்தில் ஐந்தரைதான் வந்தது என்றால், ஒரு லிட்டர் எங்கேயோ போயிருக்கிறது. அடுத்த சர்வீஸில் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்விக்கு அதுதான் பதில்.

போல்ட்டைப் புது வாஷரோடு 25 நியூட்டன் மீட்டரில் இறுக்குங்கள். அது எவ்வளவு என்றால், 25 சென்டிமீட்டர் நீளப் பிடியின் நுனியில் பத்து கிலோ எடை தொங்குவது போல. பலரும் நினைப்பதைவிடக் குறைவு. புது ஃபில்டரை மூடியில் சொடுக்கென்று பொருத்தி, பெரிய ஓ-ரிங்கைப் பழையது இருந்த அதே பள்ளத்தில் உட்கார வையுங்கள். மரை மேல் ஏறி உட்கார்ந்த ஓ-ரிங் அறுந்துபோகும். அதில் புது ஆயில் தடவி, மூடியையும் 25-இல் நிறுத்துங்கள். மூடியின் தலையிலேயே அந்த எண் பொறித்திருக்கும்.

ஆறு லிட்டர் ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் விளக்கு சில நொடியில் அணைய வேண்டும். ரைஸ் பண்ணாதீர்கள். அணைத்துவிட்டுக் கீழே கசிவு பாருங்கள். பிறகு மீதி அரை லிட்டர். இந்த வண்டியில் அளவுக் கம்பி கிடையாது, டிஸ்பிளேயில்தான் அளவு காட்டும். சமதரையில், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐட்லிங்கில் பார்க்க வேண்டும். ஆறின எஞ்சினில் பார்த்துவிட்டு ‘குறைவாக இருக்கிறதே’ என்று இன்னொரு லிட்டர் ஊற்றுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு. கூடுதலான ஆயிலை கிராங்க் அடித்து நுரையாக்கும். நுரைக்குப் பிரஷர் கிடையாது. பிரீதர் வழியே இன்டேக்குக்குப் போய்ப் புகையாகவும் வரும்.

எங்களுக்கு விசைப்படகு இருக்கிறது. அதற்கு வாங்கும் 15டபிள்யூ-40 டீசல் ஆயில் பேரலில் எப்போதும் இருக்கும். தம்பி நிசான் 370இசட் வைத்திருக்கிறான். வெயிலில் ஓட்டினால் ஆயில் சூட்டைக் காட்டும் முள் 110-ஐத் தொடுகிறது. நம்ம ஊர் வெக்கைக்குக் கெட்டியான ஆயில்தானே நல்லது? படகு ஆயிலை ஊற்றினால் என்ன?
*(வாசகர், மண்டபம்)*

ஊற்றினால் வண்டி ஓடும். அதனால்தான் பலரும் ஊற்றுகிறார்கள்.

110 டிகிரி என்பது காய்ச்சல் இல்லை, அந்த எஞ்சினுக்கு அது சாதாரணம். ஆயில் 100-ஐத் தாண்டினால்தான் உள்ளே சேர்ந்த ஈரம் போகும். 130-ஐ நெருங்கினால் கவலைப்படுங்கள். அப்போது தேவைப்படுவது ஆயில் கூலர், கெட்டி ஆயில் அல்ல.

ஆயிலின் இரண்டு எண்களில் ‘டபிள்யூ’வோடு வரும் முதல் எண் குளிரில் அது எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கு. இரண்டாவது எண்தான் 100 டிகிரியில் உள்ள கெட்டித்தன்மை. ஆகவே 0டபிள்யூ-40-இல் இருக்கும் 40-உம் உங்கள் படகு ஆயிலின் 40-உம் சூட்டில் ஒரே வரம்புக்குள் வருபவை. 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு). 30 என்றால் 9.3 முதல் 12.5. ‘ஜீரோ என்றால் தண்ணீர், நம்ம வெயிலுக்குத் தாங்காது’ என்று சொல்பவர் முதல் எண்ணை மட்டும் பார்த்துப் பேசுகிறார். நம் ஊரில் விடியற்காலையிலும் 25 டிகிரி இருக்கிறது, அந்த முதல் எண் இங்கே பெரிதாக உதவவும் இல்லை, கெடுக்கவும் இல்லை.

370இசட்டுக்குச் சொல்லப்பட்டது 5டபிள்யூ-30, ஃபில்டரோடு 4.9 லிட்டர். டிரெயின் போல்ட் 14 நம்பர் தலை, 34 நியூட்டன் மீட்டர். இந்த எஞ்சின் 7,500 வரை சுற்றும். கேம் டைமிங்கை மாற்றுவது ஆயில் பிரஷர்தான். டீசல் ஆயில், 2,000 சுற்றுக்குள் நாள் முழுக்க ஒரே இழுப்பாக இழுக்கும் எஞ்சினுக்கு, புகைக்கரியைச் சுமக்கச் செய்தது. அதில் சேர்க்கும் பாஸ்பரஸ் அளவு கார் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு ஆகாது. பேரலின் ஆயுளும் ஒரு விஷயம். கடற்கரை ஷெட்டில் மூடி திறந்து பம்ப் செருகிய பேரல், பகலில் விரிந்து இரவில் சுருங்கி, ஈரக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டேயிருக்கும்.

ஒன்று எச்சரிக்கிறோம். சூடான ஐட்லிங்கில் ஆயில் பிரஷர் குறைகிறது என்று யாராவது மீட்டர் மாட்டிக் காட்டியிருந்து, அதற்காகக் கெட்டி ஆயில் ஊற்றச் சொல்லியிருந்தால், வேண்டாம். இந்த எஞ்சினில் முன்பக்க டைமிங் கவருக்குப் பின்னால் ஆயில் கேலரியை (ஆயில் ஓடும் உள்வழியை) மூடும் காகித கேஸ்கட் கிழிவது உலகம் முழுக்கத் தெரிந்த குறை. கெட்டி ஆயில் அதைச் சில மாதம் மறைத்துவைக்கும், அவ்வளவுதான். உலோக கேஸ்கட் போட்டு முடிக்க வேண்டிய வேலை.

பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ. போன தடவை பட்டறையில் டிரெயின் போல்ட்டை இறுக்கும்போது ‘லபக்’ என்று சுற்றிவிட்டது. இப்போது சொட்டுகிறது. எம்-சீல் வைத்து அடைத்துத் தந்திருக்கிறார்கள். மறுபடி ஆயில் எப்படி மாற்றுவது?
*(வாசகர், தொண்டி)*

மரை போய்விட்டது. உங்கள் ஆயில் சம்ப், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, அலுமினியம். போல்ட் இரும்பு. 19 நம்பர் தலையைப் பார்த்ததும் நீளமான ஸ்பேனரை எடுத்துவிடுகிறார்கள். அங்கே வேண்டியது 30 நியூட்டன் மீட்டர்தான். சக்கர நட்டுக்குக் கொடுக்கும் விசையில் கால்பங்கு. பழைய வாஷரையே திரும்பப் போட்டால் கசியும். கசிந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்குவார்கள். இரண்டு மூன்று சர்வீஸ் இப்படிப் போனால் அலுமினிய மரை சுருள் சுருளாக போல்ட்டோடு வந்துவிடும். முப்பது ரூபாய்கூடப் பெறாத வாஷர் செய்யும் வேலை இது.

எம்-சீல் சூட்டிலும் ஆயிலிலும் விட்டுவிடும். நெடுஞ்சாலையில் விட்டால் ஆயில் விளக்கு எரிந்து நீங்கள் ஓரம்கட்டுவதற்குள் டர்போ போயிருக்கும். டெஃப்லான் டேப் சுற்றுவதும், ஒரு சைஸ் பெரிய போல்ட்டை மரை வெட்டிக்கொண்டு ஏறும்படி முறுக்குவதும் அதே ரகம்.

சரியான வழி இரண்டு. எம்14, 1.5 பிட்ச் அளவில் மரைக் குழல் கிட் வாங்கலாம். கெட்டுப்போன துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, எஃகுக் குழலை அதில் பதிக்க வேண்டும். கம்பிச்சுருள் வகையைவிட முழுக் குழல் வகை டிரெயின் போல்ட்டுக்கு நல்லது, அடிக்கடி கழற்றுகிற இடம். மரை வெட்டும் கருவியான டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவிக்கொண்டால் அலுமினியத் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று வெட்டுங்கள். முடிந்ததும் மேலே இருந்து அரை லிட்டர் மலிவு ஆயில் ஊற்றிக் கழுவி வெளியேற்றுங்கள்.

இரண்டாவது வழி சம்ப்பையே இறக்குவது. வேலை கூடுதல்தான். ஆனால் உங்கள் வண்டி வயதுக்கு அதையே சிபாரிசு செய்கிறோம். இந்த 1.8 டர்போவில் ஆயில் கருகி, பம்ப் உறிஞ்சும் குழாயின் வலையில் கரிக்கட்டி அடைப்பது பழைய கதை. சம்ப் இறங்கினால் அந்த வலையைக் கண்ணால் பார்த்துவிடலாம். இந்த சம்ப்புக்குத் தனி கேஸ்கட் இல்லை, சிலிக்கான் பசைதான். பழைய பசையைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். புதுப் பசையை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் வைக்காதீர்கள். உள்பக்கம் பிதுங்கும் அதிகப்படி அதே வலையில் போய் உட்காரும். மறுநாள் ஆயில் ஊற்றுங்கள். ‘விடபிள்யூ 502 00’ ஒப்புதல் உள்ள ஆயில், ஃபில்டரோடு 4.5 லிட்டர்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிரிப்பீர்கள், என்னுடையது போலோ ஜிடி டிஎஸ்ஐ. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் போல வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். தினமும் வீட்டிலிருந்து கடைக்கு இரண்டு கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன்.
*(வாசகர், ராமேஸ்வரம்)*

சிரிக்கவில்லை. பதில் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. இரண்டு கிலோமீட்டரில் எஞ்சின் சூடாவதில்லை. தீவின் ஈரக் காற்றும், எரிந்த பெட்ரோலின் நீராவியும், எஞ்சினிலேயே குளிர்ச்சியான இடமான மூடியில் வேர்த்துப்போய் ஆயிலோடு கடைபட்டு மோராகிவிடுகின்றன.

எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். கம்பியில் ஆயில் தெளிவாக இருந்து, மூடியில் மட்டும் வெள்ளை என்றால் பெரும்பாலும் வேர்வைதான். கம்பியிலும் காபி நிறத்தில் பால்போல் இருந்தால் கவலைக்குரியது. கூலன்ட் டப்பாவில் அளவு கோட்டை ஒரு மார்க்கரால் குறித்துவிட்டு, பத்து நாள் காலையில், ஆறின எஞ்சினில் பாருங்கள். இறங்கவில்லை என்றால் கேஸ்கட் மேல் பழி போட வேண்டாம். இன்னொரு சோதனை, இரும்புக் கரண்டியை அடுப்பில் சூடாக்கி இறக்கி, தீயிலிருந்து தள்ளி வந்து, கம்பியிலிருந்து ஒரே ஒரு சொட்டு ஆயிலை விடுங்கள். சத்தமில்லாமல் பரவிப் புகைந்தால் தண்ணீர் இல்லை. கடுகு தாளித்தது போல் படபடத்தால் தண்ணீர் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், அந்தக் கரண்டியைச் சமையலறைக்குத் திருப்பாதீர்கள்.

கம்பியை முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்து, அளவும் முன்பைவிட ஏறியிருந்தால், அது பெட்ரோல் கலந்த ஆயில். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீச்சும் எஞ்சின்களில், குறுகிய ஓட்டத்தில் இது நடக்கும். ‘ஆயிலே குறையவில்லை’ என்று சந்தோஷப்படுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

மூடியைத் துடைத்துவிட்டு, பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் வரை ஒரு நடை போய் வாருங்கள். போக 55 கிலோமீட்டர், அது போதும். திரும்பி வந்ததும் மூடி சுத்தமாக இருந்தால் வாரம் ஒரு முறை இப்படி ஓட்டி, ஆயிலை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றினால் சரி. எஞ்சினைப் பிரிக்கும் செலவில் பல வருட ஆயில் வாங்கலாம்.

மஸ்டாங் ஜிடி. ஃபோர்டு இங்கே தயாரிப்பை நிறுத்தியதிலிருந்து நானே ஆயில் மாற்றுகிறேன். போன முறை ஸ்டார்ட் செய்ததும் ஃபில்டர் பக்கத்திலிருந்து ஆயில் பீறிட்டது. ஃபில்டர் டூப்ளிகேட்டா?
*(வாசகர், ராமநாதபுரம்)*

இருக்கலாம். ஆனால் முதலில் பழைய ஃபில்டரை எடுத்து அதன் வாயைப் பாருங்கள். ரப்பர் வளையம் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் அது எஞ்சின் பக்கமே ஒட்டிக்கொண்டுவிட்டது. அதன் மேல் புது ஃபில்டரை, புது வளையத்தோடு ஏற்றிவிட்டீர்கள். இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று நிற்காது, பிரஷர் வந்ததும் பிதுங்கும். நம் வெக்கையில் ஒரு வருடம் வெந்த ரப்பர் ஒட்டிக்கொள்வது சகஜம். ஃபில்டரைக் கழற்றியதும் எஞ்சின் முகத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

மோட்டார்கிராஃப்ட் எஃப்எல்-500எஸ் என்பதே இந்த வண்டியின் ஃபில்டர். புது வளையத்தில் ஆயில் தடவி, முகத்தைத் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று. ரெஞ்ச் கழற்றுவதற்கு மட்டும். இங்கே முதலில் விற்ற 5 லிட்டர் வி8-க்கு 7.6 லிட்டர், 5டபிள்யூ-20. உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதுவே சரி, பின்னால் வந்தவற்றில் அளவு கூடியது.

தனுஷ்கோடி போய்வந்த பிறகு அடித்தட்டு போல்ட்டுகள் துருப்பிடித்துக் கழற்றவே முடிவதில்லை. ஆயில் மாற்றுவது அரை மணி, போல்ட் கழற்றுவது அரை நாள்.
*(வாசகர்கள் சிலர், பாம்பன், தங்கச்சிமடம்)*

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை இரண்டு பக்கமும் கடல். காற்றில் வரும் உப்புத்தூளும், ரோட்டில் ஏறிக்கிடக்கும் ஈர மணலும் அடித்தட்டுக்கு மேலே போய்த் தங்கும். மழையிலும் அது கழுவப்படாது, தட்டு மூடியிருக்கிறதே. இரும்பு போல்ட் அலுமினியத்தில் இறங்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி. அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிபட்டு போல்ட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

கழுவ வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எதால் கழுவுகிறோம் என்பதில்தான் கோளாறு. பெரும்பாலான வீடுகளில் போர் தண்ணீரே உவர்ப்பு. உப்பை உப்பால் கழுவி, காயவைத்து, இன்னொரு பூச்சு பூசுகிறோம். குடிக்கிற காவிரித் தண்ணீரைக் காருக்கு ஊற்றச் சொல்ல எங்களுக்கும் மனசு வராது. மருந்தடிக்கும் கைத்தெளிப்பானில் ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்து, சக்கர வளைவு, தட்டின் ஓரம், போல்ட் தலைகள் என்று குறிவைத்து அடித்தால் போதும். அன்றே செய்யுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளாதீர்கள்.

சிக்கிய போல்ட்டுக்கு முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிடுங்கள். காலையில் முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கம் அசைத்து, ‘கிரீச்’ என்று விட்ட பிறகு கழற்றுங்கள். ஆறு முனை சாக்கெட் மட்டும். பன்னிரண்டு முனை துருத்தலையை உருட்டிவிடும். திரும்பப் போடும்போது தட்டு போல்ட்டுகளுக்கு, அவை இறுகிப் பிடிக்காமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசை தடவலாம். டிரெயின் போல்ட்டுக்கு வேண்டாம். அதன் மரை எப்போதும் ஆயிலில்தான் இருக்கிறது, பசை தடவினால் அதே டார்க்கில் மரை அதிகம் இழுபட்டுப் போகும்.

பழைய ஆயிலை என்ன செய்வது? இங்கே படகுப் பலகைக்குப் பூசக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.
*(வாசகர், தேவிபட்டினம்)*

கொடுக்காதீர்கள். பலகையில் பூசியது பலகையில் நிற்காது, படகு இறங்கிய நாளே தண்ணீரில் படலமாக மினுங்கும். ஓடிய ஆயிலில் பேரிங் உலோகத் தூளும் எரிந்த பெட்ரோலின் கழிவும் இருக்கின்றன. அந்தப் பலகையைத் தொட்டு வலை இழுப்பவர் கையிலும் அது ஒட்டும். 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி ஓடிய ஆயில் பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம்தான் போக வேண்டும். உங்களால் ஐந்தாறு லிட்டரை அங்கே கொண்டுபோக முடியாது. ஆனால் பெரிய சர்வீஸ் நிலையங்களில் அதற்கென்று பேரல் வைத்து வண்டி வந்து எடுத்துப் போகிறது. புது ஆயில் வாங்கிய டப்பாவிலேயே ஊற்றி மூடி, அங்கே கொடுத்துவிடுங்கள். அந்தப் பேரலுக்கு விலை உண்டு, வாங்க மறுப்பது அரிது. கூலன்ட்டோ பிரேக் ஆயிலோ கலந்திருந்தால் மட்டும் எடுக்க மாட்டார்கள். ஃபில்டரைத் தலைகீழாக ஒரு இரவு கவிழ்த்து வடியவிட்டு அதையும் அங்கேயே.

மெர்சிடிஸ் எஸ்எல்கே 200. அடியில் போகாமல், மேலிருந்தே பம்ப்பால் உறிஞ்சி எடுக்கலாமா?
*(வாசகர், ஏர்வாடி)*

எடுக்கலாம். மெர்சிடிஸ் அளவுக் குழாய் சம்ப்பின் அடிவரை போகும், அவர்கள் பட்டறைகளிலேயே இப்படிச் செய்வதுண்டு. எம்271 எஞ்சின் என்றால் 5.5 லிட்டர், ‘எம்பி 229.5’ ஒப்புதல். ஃபில்டரும் மேலேயே, 74 மில்லிமீட்டர் கப், 25 நியூட்டன் மீட்டர். ஆயில் சூடாக இருக்கும்போது உறிஞ்சுங்கள், குழாய் அடியில் தட்டியதும் ஒரு விரற்கடை மேலே தூக்கிப் பிடியுங்கள். வந்தது ஐந்து லிட்டருக்குக் குறைவாக இருந்தால் குழாய் சுருண்டு நிற்கிறது என்று அர்த்தம், உருவி மறுபடி விடுங்கள். மூன்றாவது வருடம் ஒரு தடவையாவது கீழே போய் 13 நம்பர் போல்ட்டைக் கழற்றி வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த போல்ட்டும் மேலே தங்கச்சிமடம் வாசகர் சொன்ன நிலைக்கு வந்துவிடும்.